முதுமையில் தசையும் எலும்பும்: வில்லியம் எவான்ஸின் ஆய்வுகள் காட்டிய வழி

மருத்துவமனையிலிருந்து முதியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், குடும்பத்தினர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இன்னும் எத்தனை நாள் ஓய்வு வேண்டும், டாக்டர்?" கேள்வியில் அன்பும் அக்கறையும் இருக்கின்றன. கூடவே ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. ஓய்வு உடலைத் தேற்றும், உழைப்பு உடலைத் தேய்க்கும் என்பது அந்த நம்பிக்கை. கடும் காய்ச்சலில் கிடக்கும் முதல் ஓரிரு நாட்களுக்கு அது பொருந்தலாம்; 75 வயதான ஒருவரின் தொடைத் தசைக்கும் இடுப்பெலும்புக்கும் அது பொருந்தாது. அவை ஓய்வில் தேறுவதில்லை, ஓய்வில்தான் தேய்கின்றன.

இதை நாங்கள் சொல்லும்போது பலர் ஐயத்தோடு பார்க்கிறார்கள். அந்த ஐயம் நியாயமானது. ஏனெனில் 1980கள் வரை மருத்துவ உலகின் பெரும்பகுதியும் அவர்களைப் போலவேதான் எண்ணியிருந்தது. முதியவர் மெலிவது இயற்கை, அவர் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பளு தூக்குவது இளைஞருக்குரியது என்பதே அன்றைய பொதுக்கருத்து. அதை மாற்றியதில் பெரும்பங்கு ஆற்றியவர்களுள் ஒருவர் மருத்துவரல்லர். அவர் ஓர் உடற்பயிற்சி உடலியங்கியல் அறிஞர். அவர் பெயர் வில்லியம் எவான்ஸ். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகளை அறிந்துகொண்டால், எங்கள் இயன்முறை மருத்துவர்கள் நோயாளியை அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுந்து நிற்கச் சொல்வது ஏன் என்பது விளங்கும்.

உடற்பயிற்சியைப் படிப்பது ஒரு துறையா?

உடற்பயிற்சி உடலியங்கியல் என்பது, உடல் உழைக்கும்போது தசை, இதயம், நுரையீரல், எலும்பு, வளர்சிதை மாற்றம் ஆகியவற்றில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்து ஆராயும் அறிவியல். இத்துறையினர் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் விளையாட்டு வீரர்களையே ஆராய்ந்தனர். நெடுந்தொலைவு ஓடுபவரின் தசையில் எவ்வளவு சர்க்கரை சேமிப்பு உள்ளது, எவ்வளவு பிராணவாயுவை அவர் பயன்படுத்துகிறார் என்பவை போன்ற கேள்விகளே அவர்களுக்கு முக்கியமாக இருந்தன. இந்தியானா மாநிலத்தின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எவான்ஸ் முனைவர் பட்டம் பெற்றதும் இந்த மரபில்தான்.

1980களில் அவர் பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, அமெரிக்க வேளாண்மைத் துறையின் முதுமைக்கான மனித ஊட்டச்சத்து ஆய்வு மையத்தில் பணியாற்றினார். முதுமையையும் உணவையும் ஆராய்வதற்கென்றே அமைக்கப்பட்ட மையம் அது. விளையாட்டு வீரரின் தசையை அளக்கக் கற்ற ஒருவர், முதியவரின் தசையை அதே கருவிகளால் அளக்கத் தொடங்கினார். எங்கள் பார்வையில் அவருடைய வாழ்க்கைப் பணியின் திருப்புமுனை இதுவே. ஏனெனில் அதுவரை முதியவரின் தசையை அவ்வளவு நுணுக்கமாக அளந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணமே அரிதாக இருந்தது. இதயத்தை அளந்தார்கள், இரத்தத்தை அளந்தார்கள். தொடையை யாரும் பொருட்படுத்தவில்லை.

12 ஆண்கள், 12 வாரங்கள்

1988ஆம் ஆண்டு எவான்ஸின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. வால்டர் ஃபிரான்டேரா என்ற மருத்துவர் அதன் முதன்மை ஆசிரியர். 60 முதல் 72 வயது வரையிலான, முன்பயிற்சி ஏதுமற்ற 12 ஆண்கள் அதில் பங்கேற்றனர். வாரத்துக்கு 3 நாட்கள், 12 வாரங்கள், முழங்காலை நீட்டவும் மடக்கவும் செய்யும் தசைகளுக்குப் பளுப் பயிற்சி அளிக்கப்பட்டது.

இங்கே பளுவின் அளவைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பு முதியோருக்கு அளிக்கப்பட்ட பயிற்சிகள் பெரும்பாலும் மிக இலேசானவை. பயன் குறைவாகத் தெரிந்ததும், 'முதியவரின் தசை வளராது' என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிட்டார்கள். எவான்ஸின் குழு பழியைத் தசையின்மீது சுமத்தாமல் பளுவின்மீது சுமத்தியது. ஒருவர் ஒரே ஒருமுறை மட்டும் தூக்க வல்ல அதிகபட்சப் பளு 10 கிலோ என்றால், அவர் 8 கிலோவை வைத்துப் பயிற்சி செய்தார். 8 முறை தூக்குவது ஒரு சுற்று. அவ்வாறு 3 சுற்றுகள். வலு கூடக் கூடப் பளுவும் கூட்டப்பட்டது.

12 வாரங்களுக்குப் பின், முழங்காலை நீட்டும் தசையின் வலு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. கூட்டல் 107 சதவீதம். மடக்கும் தசையின் வலு 200 சதவீதத்துக்கும் மேலாகக் கூடியது. சி.டி. ஸ்கேனில் தொடையின் மொத்தத் தசைப்பரப்பு 11 சதவீதம் பெருகியிருந்தது. தசையிலிருந்து ஊசியால் எடுக்கப்பட்ட சிறு துணுக்குகளில், ஒவ்வோர் இழையும் பருத்திருப்பது நுண்ணோக்கியில் தெரிந்தது. அதாவது, 'பழக்கத்தால் கை தேர்ந்துவிட்டது' என்று ஒதுக்கிவிட முடியாது. தசை உண்மையிலேயே வளர்ந்திருந்தது.

வலு இரு மடங்கானபோது தசையின் அளவு 11 சதவீதம் மட்டுமே கூடியது ஏன் என்று வாசகர் கேட்கலாம். தசையை இயக்கும் நரம்புகள் முதலில் விழித்துக்கொள்கின்றன. பல ஆண்டுகளாக ஏவப்படாமல் கிடந்த இழைகளை அவை ஒருசேர ஏவக் கற்றுக்கொள்கின்றன. எனவே முதல் சில வாரங்களில் உடலில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாதபோதும், எழுந்து நிற்பது எளிதாகிவிடும். எங்கள் நோயாளிகள் சிலர் மூன்றாம் வாரத்தில், "கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் படி ஏற முடிகிறது" என்று வியப்பதற்கு இதுவே காரணம்.

தொண்ணூறு வயதினர்

60 வயது ஆண்களில் முடிந்தது, தொண்ணூறு வயதில் முடியுமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் முதியோர் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன். எவான்ஸும் அவரும் சேர்ந்த குழு, பாஸ்டனிலுள்ள ஹீப்ரூ முதியோர் மறுவாழ்வு மையத்தில் தங்கியிருந்த 10 பேரைப் பயிற்சிக்குச் சேர்த்தது. அவர்களின் வயது 86 முதல் 96 வரை. அவர்கள் நலமான முதியவர்கள் அல்லர். மூட்டுவாதம், இதய நோய், பழைய எலும்பு முறிவு என ஒவ்வொருவரும் பல நோய்களோடு வாழ்ந்தவர்கள். நம் வீட்டில் அவர்களை 'மெல்ல, மெல்ல' என்று கைத்தாங்கலாக அழைத்துச் செல்வோம். அங்கே அவர்களின் கணுக்காலில் பளுவை ஏற்றினார்கள்.

இந்த ஆய்வு 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. 8 வாரங்களில் 9 பேர் பயிற்சியை நிறைவு செய்திருந்தனர். அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் பெருகியது. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நடக்கும் கடினமான நடையின் வேகம் 48 சதவீதம் உயர்ந்தது. இருவர் தங்கள் கைத்தடியைக் கைவிட்டனர். 174 என்ற எண்ணைவிட அந்த இரண்டு கைத்தடிகளே எங்களுக்கு அதிகம் சொல்கின்றன. முதியவர் ஒருவருக்கு வேண்டியது பளு தூக்கும் திறன் அன்று. துணையின்றிக் கழிவறைக்குச் சென்று திரும்பும் திறன்.

10 பேரைக் கொண்ட ஆய்வை வைத்து முடிவு கட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக அதே குழு 100 பேரைக் கொண்டு மேலும் விரிவான ஆய்வு ஒன்றைச் செய்து 1994இல் வெளியிட்டது. பங்கேற்றோரின் சராசரி வயது 87. அவர்கள் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: பயிற்சி மட்டும், ஊட்டச்சத்துப் பானம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை. 10 வாரங்களில் பயிற்சி செய்தவர்களின் தசைவலு 113 சதவீதம் உயர்ந்தது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். பயிற்சி செய்தவர்களின் நடைவேகம் ஏறத்தாழ 12 சதவீதமும், படியேறும் திறன் 28 சதவீதமும் கூடின.

ஊட்டச்சத்துப் பானம் மட்டும் குடித்த குழுவினருக்கோ, வலுவிலும் நடையிலும் எந்த முன்னேற்றமும் இல்லை. இந்த ஒரு முடிவை மருந்துக்கடையின் முன் ஒட்டி வைத்தால் நலம் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வது உண்டு. நோயாளியைப் பார்க்க வரும் ஒவ்வொரு உறவினரும் ஒரு டப்பா சத்துமாவோடு வருகிறார். டப்பாவால் தீங்கில்லை. ஆனால் உழைக்காத தசை அந்தச் சத்தை எடுத்து வைத்துக்கொள்வதில்லை.

பெயரில்லாத நோய்க்கு ஒரு பெயர்

இத்தனை பெரிய இழப்புக்கு 1980களின் இறுதிவரை ஒரு பெயரே இல்லை என்பது வியப்பு. எலும்பு மெலிவதற்கு எலும்புப்புரை என்ற பெயர் இருந்தது; இரத்தம் குறைவதற்கு இரத்தசோகை என்ற பெயர் இருந்தது. வயதினால் தசை குறைவதற்கு 'முதுமை' என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. பெயரில்லாத ஒன்றை மருத்துவர் நோய்க்குறிப்பில் எழுத மாட்டார். எழுதாததற்குச் சிகிச்சையும் இராது.

அதே ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த இர்வின் ரோசன்பர்க், 1988இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்தையொட்டி, கிரேக்கத்தில் 'சதை' என்றும் 'குறைவு' என்றும் பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து 'சார்கோபீனியா' என்ற பெயரை முன்வைத்தார். எவான்ஸும் ரோசன்பர்க்கும் 1991இல் பொதுமக்களுக்காக எழுதிய நூலில், நம் கட்டுப்பாட்டில் இருக்கும் முதுமையின் 10 அளவுகோல்களைப் பட்டியலிட்டனர். பட்டியலில் முதலிடம் தசையின் அளவுக்கு. இரண்டாமிடம் தசையின் வலுவுக்கு. இரத்த அழுத்தம், சர்க்கரை, எலும்பு அடர்த்தி எல்லாம் பின்னரே வந்தன. 2016இல் அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் சார்கோபீனியாவுக்குத் தனிக் குறியீடு கிடைத்தது. பெயர் சூட்டியதற்கும் குறியீடு கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழ 28 ஆண்டுகள்.

எலும்பின் பக்கம்

தசையும் எலும்பும் வெவ்வேறு துறையினரின் சொத்தாகப் பிரிந்து கிடக்கின்றன. உடலுக்கு அந்தப் பிரிவு தெரியாது. தசை சுருங்கும்போது அது எலும்பை இழுக்கிறது. அந்த இழுப்பை எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் உணர்ந்து, 'இங்கே பாரம் வருகிறது, இங்கே கட்டு' என்று எலும்பைக் கட்டும் செல்களுக்குச் சைகை தருகின்றன. பாரம் வராத இடத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்தக் கரைப்பு மேலும் விரைவடைகிறது.

எவான்ஸின் குழுவைச் சேர்ந்த மிரியம் நெல்சன் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு தொடர்புடையது. மாதவிடாய் நின்ற, 50 முதல் 70 வயது வரையிலான, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 40 பெண்களில் ஒரு பாதியினர் வாரத்துக்கு 2 நாட்கள் ஓராண்டுக் காலம் கடினமான பளுப் பயிற்சி செய்தனர். மறு பாதியினர் வழக்கம்போல் வாழ்ந்தனர். ஆண்டு முடிவில், பயிற்சி செய்தவர்களின் தொடையெலும்புக் கழுத்தின் அடர்த்தி 0.9 சதவீதம் கூடியிருந்தது, செய்யாதவர்களுக்கு 2.5 சதவீதம் குறைந்திருந்தது. கீழ் முதுகெலும்பில் ஒரு சாராருக்கு 1 சதவீதக் கூடுதல். மறு சாராருக்கு 1.8 சதவீத இழப்பு.

இந்த எண்களைப் பார்த்து, 'ஒரு சதவீதத்துக்காகவா ஓராண்டு உழைப்பு?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் இரண்டைச் சொல்வோம். முதலாவது, ஒப்பிட வேண்டியது பூஜ்ஜியத்தோடு அன்று. பயிற்சி இல்லாதிருந்தால் இழந்திருக்கக்கூடிய 2.5 சதவீதத்தோடு. இரண்டாவது இன்னும் முக்கியமானது. இடுப்பெலும்பு தானாக முறிவது அரிது. பெரும்பாலும் ஆள் விழுகிறார், எலும்பு முறிகிறது. அதே ஆய்வில் பயிற்சி செய்த பெண்களின் தசையும் வலுவும் உடற்சமநிலையும் கூடின; செய்யாதவர்களுக்கு அவை குறைந்தன. விழாத ஒருவரின் எலும்பு, அடர்த்தி சற்றுக் குறைவாக இருந்தாலும் முறிவதில்லை. எலும்பு மருந்து எலும்பைக் காக்கும். விழுவதை அது தடுக்காது. அதற்காக மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். எலும்புப்புரைக்கு மருந்து எழுதித் தரப்பட்டவர்களுக்கு மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

10 நாள் படுக்கை

எவான்ஸ் பின்னர் பென்சில்வேனியாவிலும் அதன்பின் ஆர்கன்சாஸிலும் பணியாற்றினார். ஆர்கன்சாஸில் அவரும் பேட்ரிக் கோர்ட்பைன் முதலிய ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எங்கள் பிரிவில் நாங்கள் அதிகம் எடுத்துக்காட்டுகிறோம்.

நோய் ஏதுமற்ற, சராசரி 67 வயதுள்ள 12 பேரை அவர்கள் 10 நாட்கள் படுக்கையில் இருக்கச் செய்தனர். காய்ச்சல் இல்லை, அறுவை சிகிச்சை இல்லை, வலி இல்லை, வெறும் படுக்கை. உணவும் அன்றைய பரிந்துரைப்படி சரியான அளவில் தரப்பட்டது. 10 நாட்களின் முடிவில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசைத்திசு குறைந்திருந்தது. முழங்காலை நீட்டும் வலு சுமார் 16 சதவீதம் சரிந்தது. தசை புதிய புரதத்தைக் கட்டும் வேகம் 30 சதவீதம் தாழ்ந்தது.

நலமாக இருந்தவர்களுக்கே இப்படி. நிமோனியாவோடும் பசியின்மையோடும் படுத்திருப்பவர்களுக்கு இழப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 50 வயதுக்குப் பின் நாம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதத் தசையை இழக்கிறோம். வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. அந்தக் கணக்கில், 10 நாள் படுக்கை பல ஆண்டு முதுமையை ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறது. நோய் குணமாகிறது, அறிக்கைகள் எல்லாம் சீராகின்றன, ஆனால் வீட்டுக்குப் போனவர் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. 'ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார், இப்போது நடக்க முடியவில்லை' என்று குடும்பத்தினர் வருந்துவது பல நேரங்களில் இதனால்தான்.

ஆகவே வார்டில் செவிலியர் உணவை நாற்காலியில் அமர்ந்து உண்ணச் சொன்னால், கழிவறைக்குத் துணையோடு நடந்து செல்லச் சொன்னால், அது ஆள் பற்றாக்குறையால் சொல்வது அன்று. துணையாகத் தங்கியிருப்பவர்கள் செய்யக்கூடிய பேருதவி, தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துத் தருவதைவிட, அதை எடுக்க நோயாளி எழுந்து உட்காரும்வரை பக்கத்தில் நிற்பதுதான். எழுந்திருக்கக் கூடாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கும் நாட்கள் மட்டும் இதற்கு விலக்கு.

தட்டில் என்ன இருக்கிறது?

புரதத்தைப் பற்றியும் எவான்ஸ் ஒரு கேள்வியை எழுப்பினார். எல்லா வயதினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பது வழக்கிலிருந்த அளவு. வேய்ன் கேம்பெல்லும் எவான்ஸும் உடன் ஆய்வாளர்களும், 56 முதல் 80 வயது வரையிலானோரின் உடலில் நைட்ரஜன் வரவையும் செலவையும் அளந்து, முதியோருக்கு 1 முதல் 1.25 கிராம் வரை தேவை என்று 1994இல் எழுதினர். இளைஞரைவிட முதியவருக்குக் குறைவாகத்தானே வேண்டும் என்று நாம் எண்ணுவதற்கு இது நேர்மாறானது.

60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். இனி நோயிலிருந்து எழுந்த பாட்டியின் ஒரு நாள் உணவை எண்ணிப் பாருங்கள்: காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி. 20 கிராமை எட்டுவதே அரிது. செரிமானத்துக்கு இலேசானது என்று நாம் தேர்ந்தெடுக்கும் உணவு, தசைக்கு ஏறக்குறைய உண்ணாநோன்பு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. கஞ்சியை விட முடியாதென்றால் அதில் பாசிப்பருப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம். ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பும் தயிரும் தரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எங்களையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அளவுகோலையே கேள்வி கேட்டவர்

எவான்ஸின் பிற்காலப் பணி எங்களுக்கு வேறொரு வகையில் மதிப்புக்குரியது. தசையை அளக்க உலகெங்கும் பயன்படும் எக்ஸ்-கதிர் ஸ்கேன், உண்மையில் தசையை அளப்பதில்லை. கொழுப்பும் எலும்பும் போக எஞ்சியதையெல்லாம், நீர் உட்பட, ஒன்றாகக் கூட்டிச் சொல்கிறது. கால் வீங்கியவருக்கும் அது நல்ல எண்ணைக் காட்டக்கூடும். உடலிலுள்ள கிரியேட்டின் ஏறக்குறைய முழுவதும் தசைக்குள் இருப்பதைப் பயன்படுத்தி, அடையாளமிட்ட சிறிதளவு கிரியேட்டினை விழுங்கச் செய்து, பின்னர் சிறுநீரைச் சோதித்துத் தசையின் அளவைக் கணிக்கும் முறையைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்க் ஹெல்லர்ஸ்டைனும் அவரும் உருவாக்கினர். 2019இல் வெளியான ஆய்வொன்றில், சராசரியாக 84 வயதான ஆண்களிடம் இம்முறையில் அளந்த தசைக்குறைவு நடைத்தடையோடும் காயம்படும் வீழ்ச்சிகளோடும் தொடர்புற்றிருந்தது. ஸ்கேன் காட்டிய எண்ணுக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. தாம் பல ஆண்டுகள் உழைத்த துறை நம்பிவந்த அளவுகோலே போதாது என்று காட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

இந்தச் சோதனை நம் மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படுவதன்று. அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகளை வீட்டிலேயே பார்க்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து அமர 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால், தசை வலு குறைந்திருக்கக்கூடும். கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் தையல் நாடாவால் அளக்கும்போது ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

தொடங்குவது எப்படி?

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. அதை விட வேண்டாம். ஆனால் நடையினால் மட்டும் தொடைத் தசை வளராது, ஏனெனில் தூக்கும் பளு நாள்தோறும் ஒன்றே. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துதல், சுவரைக் கைகளால் தள்ளுதல், கணுக்காலில் மணல் பையைக் கட்டி முழங்காலை நீட்டுதல் ஆகிய நான்கும் பெரும்பாலோருக்குப் போதுமான தொடக்கம். வாரத்துக்கு 2 அல்லது 3 நாள்; இடையில் ஒரு நாள் இடைவெளி. 8 முறை செய்தபின் இன்னும் 8 முறை எளிதாகச் செய்ய முடிந்தால் பளு போதவில்லை என்று பொருள். பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும்.

மறுநாள் தசையில் இலேசான வலி தோன்றினால் அஞ்ச வேண்டாம். ஓரிரு நாளில் அது மறையும். மூட்டில் குத்தும் வலி, நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல் ஆகியவை வேறு. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், அண்மைய மாரடைப்பு, பெருந்தமனி வீக்கம், நீரிழிவால் விழித்திரையில் இரத்தக்கசிவு ஆகியவை உள்ளவர்கள் எங்கள் ஒப்புதலுக்குப் பின்னரே தொடங்க வேண்டும். முதுகெலும்பு முறிந்தவர்கள் முன்குனிந்தும் முறுக்கியும் எதையும் தூக்கக் கூடாது.

இன்னொன்று. 1990இன் அந்தத் தொண்ணூறு வயதினர் பயிற்சியை 4 வாரங்கள் நிறுத்தியபோது அவர்களின் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. திருமணம், பயணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் பெரிய இழப்பில்லை; ஒரு மாதம் விட்டால் பளுவைக் குறைத்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். முழங்கால் மாற்று போன்ற, நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைகளுக்கு வருபவர்கள், நாள் குறிக்கும் அன்றே இயன்முறை மருத்துவரையும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். படுக்கைக்குப் போகும் முன் சேர்த்து வைக்கும் வலு, படுக்கையிலிருந்து எழும்போது கைகொடுக்கும். அதற்கு 4 முதல் 6 வாரங்களாவது வேண்டும்.